வாயில்லா உயிரும் வையகமும்

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்பதும் ஒரு பொருள். நம் முன்னோர் செல்வத்தை எண்ணிப் பார்த்தபோது கண்முன் நின்றது பொன்னன்று, தொழுவத்து மாடே என்பதற்கு இச்சொல் ஒன்றே சான்றாகும். தலைநகரில் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழும் நமக்கு அப்பொருள் இன்று மறந்துபோயிருக்கலாம். விடியற்காலையில் வாயிற்படியில் வந்து விழும் பால் பையே நாம் அறிந்த பசு. ஆயினும் நம்மில் பலருடைய ஊதியத்தில் ஒரு பகுதி இன்றும் ஊரில் மாடாகவும் ஆடாகவும் மாறி நிற்கிறது. அண்ணன் வீட்டுத் தொழுவத்திலோ, தாயார் காலத்துக் கொட்டிலிலோ, நாம் அனுப்பிய பணம் அசை போட்டுக்கொண்டிருக்கிறது. ஆதலின் இத்திங்கள் நம் பகுதியில் கால்நடை நோய்களைப் பற்றிச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

இதற்குத் தூண்டுகோலாய் அமைந்தது ஒரு நிகழ்ச்சி. நம் சங்கத்து அன்பர் ஒருவர் ஒருநாள் மாலை நம்மைத் தேடி வந்தார். அவருடைய ஊர் பழைய வட ஆர்க்காட்டைச் சேர்ந்தது. அங்கே அவர் தமையனார் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார். சென்ற ஆண்டு அன்பர் அனுப்பிய பணத்தில் கறவைப் பசு ஒன்று வாங்கினார்கள். அப்பசுவின் உடலெங்கும் திடீரெனக் கொப்புளம் போலக் கழலைகள் கிளம்பிவிட்டன. காய்ச்சல் மிகுந்து தீனி எடுக்கவில்லை, கால்கள் வீங்கிவிட்டன. தமையனார் தொலைபேசியில் சொன்னதை அன்பர் அப்படியே நம்மிடம் ஒப்பித்தார்: "தம்பி, இன்னும் முற்றவில்லை. கழுத்துப் பக்கத்தில் மட்டுந்தான் பளிச்சென்று தெரிகிறது. வெள்ளிக்கிழமைச் சந்தையில் தள்ளிவிட்டால் பாதி விலையாவது கைக்கு வரும். இரண்டு வாரம் போனால் தோல்கூடத் தேறாது. என்ன சொல்கிறாய்?"

அன்பர் விடை சொல்லவில்லை. "நாளைக் காலையில் சொல்கிறேன், அண்ணா" என்று மட்டும் கூறி வைத்துவிட்டார். நம்மிடம் அவர் கேட்ட வினா இதுதான்: "விற்கச் சொல்வது குற்றமா? அண்ணன் கடன்பட்ட மனிதர். எனக்கோ அடுத்த மாதம் பெண்ணுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும்."

விலையும் வறுமையும் கலந்த வினாவுக்கு ஒரு சொல்லில் விடை கூறுவது எளிதன்று. நாம் அவருக்கு ஒரு கதையைச் சொன்னோம். அது அவர் ஊர்ப்பக்கத்திலேயே முடிவடைந்த கதை. உலகமெல்லாம் சுற்றி வந்த கதையுங்கூட.

வெக்கை நோய் என்று ஒரு நோய் இருந்தது. நம் பாட்டனார் காலத்து உழவர்களுக்கு அப்பெயரைக் கேட்டாலே குலை நடுங்கும். முதலில் கடுங்காய்ச்சல், பிறகு வாயில் புண், கண்ணிலும் மூக்கிலும் நீர், அதன்பின் நிற்காத கழிச்சல். ஒரு வாரம் பத்து நாளில் மாடு சாய்ந்துவிடும். இந்நோயை முன்பு காணாத நாட்டில் அது நுழைந்தால் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு மாடுகள் மடிவதும் உண்டு. 1880-களின் இறுதியில் அது ஆப்பிரிக்காவின் கீழைக் கரையில் புகுந்தது. பத்தே ஆண்டுகளில் தென்கோடிவரை சென்றுவிட்டது. எத்தியோப்பியாவில் உழவு மாடுகள் மாண்டன, ஏர் நின்றது, பெரும் பஞ்சம் வந்தது. நோய் தாக்கியது மாட்டைத்தான்; மனிதனை அது தொடுவதேயில்லை. ஆயினும் மாடு விழுந்த இடத்தில் மனிதனும் விழுந்தான்.

ஐரோப்பாவும் இந்நோயால் பன்முறை அழிந்தது. அவ்வழிவு தந்த பாடத்தினால்தான் 1761-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு லியோன் நகரில் குளோத் பூர்ழெலா என்பவர் உலகின் முதற் கால்நடை மருத்துவக் கல்விச்சாலையைத் தோற்றுவித்தார். அதுவரை மாட்டு வைத்தியம் என்பது குதிரைக்கு லாடம் அடிப்பவரிடமும் இடையரிடமும் கைவழக்கமாக இருந்து வந்தது. அன்று முதல் அது ஒரு கல்வியாயிற்று.

இனி, இக்கதையில் நம் நாடு வருகிறது. 1920-ஆம் ஆண்டில் நம் நாட்டுத் திமில் மாடுகள் சில பிரேசில் நாட்டுக்குக் கப்பலேற்றப்பட்டன. வழியில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் அவற்றை இறக்கித் தங்கவைத்தனர். மாடுகளோடு வெக்கையும் இறங்கிற்று. ஒழிந்துபோயிற்று என்று ஐரோப்பியர் நிம்மதியாக இருந்த நோய், பெல்ஜியத்து மாடுகளிடையே மீண்டும் எழுந்தது. ஒரு நாடு தன் எல்லைக்குள் எவ்வளவு காவல் வைத்தாலும், இன்னொரு நாடு தன் நோயை மறைத்தால் பயனில்லை என்பதை அரசுகள் அப்போதுதான் தெளிவாக உணர்ந்தன. 1924-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பாரிசு மாநகரில் 28 நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதுவே இன்று உலக விலங்கு நல அமைப்பு என வழங்கும் நிறுவனத்தின் பிறப்பு. மனிதருக்கான உலக சுகாதார நிறுவனம் தோன்றியது 1948-இல். அந்நிறுவனம் தோன்றுவதற்கு இருபத்து நான்கு ஆண்டுகள் முன்னரே மாட்டுக்காக நாடுகள் ஒன்றுகூடிவிட்டன என்பதை எண்ணினால் வியப்பாக இல்லையா?

அந்நிறுவனத்தின் அடிப்படை விதி மிக எளியது. உன் நாட்டில் நோய் கண்டால் மறைக்காதே, உடனே சொல். சொன்னால் வணிகம் நிற்கும், இழப்பு வரும். ஆயினும் சொல். இந்த ஒரு விதியின்மேல்தான் கால்நடை மருத்துவத்தின் உலகப் பணி முழுதும் நிற்கிறது.

நம் சங்கக் குடும்பங்கள் பல கோடை விடுமுறையில் நைனிதாலுக்குச் சென்று வருகின்றன. அங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், 7,500 அடி உயரத்தில் முக்தேசுவரம் என்னும் மலையூர் உள்ளது. பனிமலைக் காட்சிக்காகப் போகிறவர்கள் அங்கே பழைய கற்கட்டடங்களைக் கண்டிருப்பார்கள். 1889-இல் பூனாவில் தொடங்கப்பெற்ற கால்நடை நோய் ஆராய்ச்சிக்கூடம் 1893-இல் அம்மலைக்கு மாற்றப்பட்டது. கொடிய தொற்றுநோய்க் கிருமிகளை ஊரிலிருந்து விலக்கி வைத்து ஆராய வேண்டும் என்பதும், குளிர்ந்த இடம் வேண்டும் என்பதும் காரணங்கள். காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த செருமானிய அறிஞர் ராபர்ட் காக் 1897-இல் அங்கே வந்து யோசனை கூறியிருக்கிறார். அக்கூடமே வளர்ந்து, பரேலி நகரை அடுத்த இசத்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையமாக இன்று விளங்குகிறது.

முக்தேசுவரத்தில் 1920-களில் எட்வர்ட்சு என்னும் ஆராய்ச்சியாளர் வெக்கைக் கிருமியை ஆட்டின் உடலில் மீண்டும் மீண்டும் செலுத்தி, அதன் கொடுமையைத் தணித்துத் தடுப்பு மருந்தாக்கினார். மலிவான அம்மருந்து பல ஆண்டுகள் நம் மாடுகளைக் காத்தது. பின்னர் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கென்யாவில் பணிபுரிந்த வால்ட்டர் பிளௌரைட் என்னும் கால்நடை மருத்துவர், உயிரணு வளர்ப்பு முறையில் இன்னும் தீங்கற்ற மருந்தை உருவாக்கினார். ஒருமுறை போட்டால் மாட்டின் வாழ்நாள் முழுதும் காக்கும் மருந்து அது. அதற்காக 1999-இல் அவருக்கு உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

மருந்து இருந்தால் போதுமா? அதைத் தொழுவந்தோறும் கொண்டுசெல்ல வேண்டுமே! நம் நாட்டில் 1954-இல் வெக்கை ஒழிப்புத் திட்டம் தொடங்கிற்று. குளிர்ப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, மிதிவண்டியிலும் நடந்தும், பாதையில்லாத சிற்றூர்களுக்கெல்லாம் சென்ற கால்நடைப் பணியாளர் எத்தனை ஆயிரம் பேரோ! 1903-இல் தொடங்கிய சென்னை வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் பலர் அவ்வரிசையில் நின்றனர். அவர்களுடைய பெயர்கள் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை. முட்டும் மாட்டையும் ஐயுறும் உழவரையும் ஒருங்கே சமாளித்து ஊசி போட்டவர்கள் அவர்கள்.

நம் நாட்டில் வெக்கை கடைசியாகக் கண்டது 1995-ஆம் ஆண்டில். கண்ட இடம் நம் அன்பரின் வட ஆர்க்காடு. அதன்பின் நோய் தலைகாட்டவில்லை. 2006-இல் இந்தியா வெக்கைத் தொற்று நீங்கிய நாடு என ஏற்கப்பட்டது. உலகில் இறுதியாக 2001-இல் கென்யாவின் காட்டெருமைகளிடம் காணப்பட்டது. 2011-ஆம் ஆண்டில் உலகமே வெக்கையினின்று விடுபட்டதென அறிவித்தனர். மனிதன் முயன்று உலகினின்றும் அறவே நீக்கிய நோய்கள் இதுவரை இரண்டே. ஒன்று மனிதரின் பெரியம்மை; மற்றொன்று மாட்டின் வெக்கை.

இதைக் கேட்ட அன்பர், "அப்படியானால் கவலை தீர்ந்ததே" என்றார். தீரவில்லை என்பதே உண்மை. பழைய நோய் ஒரு வாயிலால் வெளியேறும்போது, புதிய நோய் மறு வாயிலால் நுழைகிறது. அதற்குச் சான்று தேடித் தொலைவுக்குச் செல்ல வேண்டா. 1987-இல் அன்றைய தென்னார்க்காட்டு அரசூரில் ஆடுகள் வெக்கை போன்ற நோயால் மடிந்தன. ஆராய்ந்தபோது அது வெக்கையன்று, அதன் உடன்பிறப்பாகிய ஆட்டுக்கொல்லி நோய் என்பது தெரிந்தது. 1942-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் முதலில் விவரிக்கப்பட்ட அந்நோய் இந்தியாவில் கண்டறியப்பட்டது அதுவே முதல்முறை. ஆனால் மகிழ்ச்சியான செய்தியும் ஒன்று உண்டு. அரசூரில் எடுத்த அக்கிருமியைக் கொண்டே தடுப்பு மருந்தும் செய்தனர் நம் தமிழ்நாட்டு ஆராய்ச்சியாளர். 2030-ஆம் ஆண்டுக்குள் அந்நோயையும் உலகினின்று நீக்க வேண்டும் என்பது இன்றைய குறிக்கோள்.

மனிதரைத் தொடாத நோய்களின் கதை இது. மனிதரைத் தொடுவனவும் உண்டு. புதிதாகத் தோன்றி மனிதரைத் தாக்கும் தொற்றுநோய்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு விலங்கிடமிருந்து வருவன என்று அறிஞர் கணக்கிட்டுள்ளனர். 1957-இல் மைசூர் நாட்டுச் சிமோகாப் பகுதிக் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் ஒன்றன்பின் ஒன்றாய்ச் செத்து விழுந்தன. அதே சமயத்தில் காட்டோரத்து மக்களுக்கும் கடுங்காய்ச்சல் கண்டது. உண்ணி கடிப்பதால் பரவும் நோய் அது. குரங்கின் சாவு மனிதனுக்கு வந்த எச்சரிக்கையாயிற்று.

மலேசியாவில் 1998-99-இல் நடந்ததோ இன்னும் பெரிய பாடம். பன்றிப் பண்ணைகளில் பணிபுரிந்தோர் மூளைக் காய்ச்சலால் மாண்டனர். கொசுவால் வரும் மூளைக் காய்ச்சல் என்று முதலில் எண்ணிக் கொசு மருந்து அடித்தார்கள். நோய் அடங்கவில்லை. பண்ணைகளிலோ பன்றிகள் உரக்க இருமிக்கொண்டிருந்தன. அதன் பொருள் உரிய காலத்தில் உணரப்படவில்லை. பிறகுதான் அது பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதருக்கும் வந்த புதுக் கிருமி என்பது புலனாயிற்று. நிபா என்று பெயரிட்டார்கள். 265 பேர் நோயுற்று 105 பேர் மாண்டனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொல்ல நேர்ந்தது. அதே நிபா 2018-இல் நம் அண்டை மாநிலமாம் கேரளத்தின் கோழிக்கோட்டுப் பகுதியில் தோன்றிப் பதினேழு உயிர்களைக் கொண்டுபோயிற்று.

ஏன் இவை புதிது புதிதாய்த் தோன்றுகின்றன? காட்டை அழித்துத் தோட்டமும் பண்ணையும் அமைக்கிறோம். காட்டு விலங்கும் வீட்டு விலங்கும் ஒரே மரத்தடியில் சந்திக்கின்றன. ஆயிரக்கணக்கில் உயிர்களை ஒரே கூரையின்கீழ் அடைத்து வளர்க்கிறோம். ஒரு நாட்டு மாடும் கோழியும் மறுநாட்டுக்கு ஒரே நாளில் போய்ச் சேர்கின்றன. வெப்பம் மாறுவதால் கொசுவும் உண்ணியும் முன்பு வாழாத இடங்களில் வாழத் தலைப்படுகின்றன. மனித மருத்துவர், கால்நடை மருத்துவர், காட்டியல் அறிஞர் ஆகிய மூவரும் தனித்தனியே நின்றால் இதனை வெல்ல இயலாது. மூவரும் ஒரே மேசையில் அமர வேண்டும் என்பதே இன்று உலகம் ஏற்றுக்கொண்டுள்ள கொள்கை.

இனி, நம் அன்பரின் பசுவுக்கு வருவோம். அதற்கு வந்தது தோல் கழலை நோய். 1929-இல் இன்றைய சாம்பியா நாட்டில் முதலில் காணப்பட்டது. நெடுங்காலம் ஆப்பிரிக்காவிலேயே அடங்கிக் கிடந்து, எகிப்து, துருக்கி எனப் படிப்படியாக வடக்கே வந்து, 2019-இல் ஒடிசா வழியாக நம் நாட்டில் தலைகாட்டிற்று. 2022-இல் இராசத்தானத்திலும் குசராத்திலும் பிற மாநிலங்களிலும் அது ஆடிய கூத்தில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் மடிந்தன. ஈயும் கொசுவும் உண்ணியும் அதனைப் பரப்புகின்றன. ஆனால் ஈ பறக்கும் தொலைவு சிறிது. ஊர்விட்டு ஊர் அந்நோயை ஏற்றிச் செல்வது மனிதனுடைய வண்டியே. இறக்கும் இடம் சந்தையே.

அன்பருக்குத் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவரிடம் அன்றிரவே பேசினோம். அவர் கூறியன தெளிவாயிருந்தன. இந்நோய் மனிதருக்கு வாராது. பாலை நன்கு காய்ச்சிக் குடிக்கலாம். பெரும்பாலான மாடுகள் பிழைத்துவிடும்; நூற்றுக்குப் பத்துக்குக் குறைவாகவே இறப்பது வழக்கம். நோயுற்ற மாட்டைத் தனியே கட்ட வேண்டும். தொழுவத்தில் வேப்பிலைப் புகை போட்டு ஈயை விரட்ட வேண்டும். புண்ணில் புழு வைக்காமல் காக்க வேண்டும். நோயுறாத மாடுகளுக்கு ஆட்டம்மைத் தடுப்பூசி போடலாம்; நோயுற்ற மாட்டுக்கு அந்த ஊசி உதவாது. 1962 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னால் கால்நடை மருத்துவ ஊர்தி ஊருக்கே வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, சந்தைக்குக் கொண்டுபோகக் கூடாது. 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பட்டியலிட்ட தொற்றுநோய் கண்டால் தெரிவிப்பது உரிமையாளர் கடமை. நோயுற்ற விலங்கைச் சந்தையில் விற்பது குற்றம்.

சட்டத்தை நாம் வற்புறுத்தவில்லை. "அந்தப் பசுவைச் சந்தையில் வாங்குகிறவர் யார்?" என்று மட்டும் கேட்டோம். அன்பர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "என் அண்ணனைப் போல ஒருவர்தான், கடன் வாங்கி வந்திருப்பார்" என்றார். மறுநாட் காலையில் தமையனாரிடம் அதையே சொன்னார். தமையனார் முதலில் சினந்தார். "தில்லியில் உட்கார்ந்துகொண்டு தருமம் பேசுவது எளிது, தம்பி" என்றார். அச்சொல்லில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் மாட்டை அவிழ்க்கவில்லை.

பசு பிழைத்தது. ஆனால் பால் பாதியாகக் குறைந்தது, தோலெங்கும் தழும்பு. அதன் கன்று பிழைக்கவில்லை. கால்நடை மருந்தகத்தார் வந்து தெருவிலுள்ள மற்ற மாடுகளுக்கெல்லாம் தடுப்பூசி போட்டுச் சென்றனர். அதன் பின்னர் அத்தெருவில் வேறொரு மாட்டுக்கும் நோய் காணவில்லை என்று கேள்விப்பட்டோம். அண்டை வீட்டார் பெற்ற நலத்துக்கு விலை கொடுத்தவர் அந்தத் தமையனார் ஒருவரே.

இங்கேதான் நாம் ஊன்றி எண்ண வேண்டும். உண்மையைச் சொல்கிறவன் மட்டும் இழப்பைத் தாங்கினால், அடுத்த முறை எவன் உண்மை சொல்வான்? 2022-இல் சில மாநில அரசுகள் இந்நோயால் மாடு இழந்தவர்க்கு உதவித்தொகை அளித்தன. அது நல்ல வழி. ஆனால் அரசை மட்டும் எதிர்பார்த்திராமல் நாமும் செய்யத்தக்கவை உள்ளன. ஊரில் மாடு வாங்கப் பணம் அனுப்பும் அன்பர்கள், அதோடு காப்பீட்டுக்கும் சேர்த்து அனுப்புக. மாட்டின் விலையோடு ஒப்பிடின் அது சிறு தொகையே. கோமாரித் தடுப்பூசி போட்டாயிற்றா என்று தொலைபேசியில் நலம் விசாரிக்கும்போதே ஒரு வார்த்தை கேளுங்கள். புதிதாக வாங்கிய மாட்டைச் சில வாரங்கள் தனியே கட்டச் சொல்லுங்கள். நோய் வந்துவிட்டால், "எப்படியாவது விற்றுவிடு" என்று இங்கிருந்து சொல்லாதீர்கள். அந்நேரத்தில் ஓர் ஆயிரமோ இரண்டாயிரமோ அனுப்பிவைத்தால், அதுவே அத்தெருவைக் காக்கும் மருந்தாகும். விடுமுறையில் ஊர் செல்லும் பிள்ளைகளை நாய் கடித்தால், சிறு கீறல்தானே என்று விடாது, உடனே பதினைந்து நிமிடம் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கழுவி, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வெறிநோய் முற்றிய பின் மருந்தில்லை.

1924-இல் பாரிசில் 28 நாடுகள் ஒப்பிய விதியும், வட ஆர்க்காட்டுத் தொழுவம் ஒன்றில் ஓர் உழவர் மாட்டை அவிழ்க்காமல் நின்றதும் வேறு வேறல்ல. முன்னது காகிதத்தில் இருந்தது. பின்னது கையில் இருந்தது. அந்த உழவருக்குக் கன்றொன்று வாங்கித் தர நம் சங்கத்து அன்பர்கள் சிலர் முன்வந்துள்ளனர். பங்கு கொள்ள விரும்புவோர் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் செயலாளரிடம் தெரிவிக்கலாம். தருமம் பேசுவது எளிது என்று அவர் சொன்ன சொல்லுக்கு நாம் அளிக்கக்கூடிய விடை அது ஒன்றே.